கீ ட்ரூட்டின் பெயர் நிற்பது ஓட்டத்தாலா, பதவியாலா?

கேள்வி
பின்னேர மாஸ்டர், யாழ்ப்பாணம்

வணக்கம். நான் முப்பத்திரண்டு வருடம் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் விளையாட்டுப் படிப்பித்தவன். ஓய்வு எடுத்தும் மைதானத்தை விட முடியவில்லை. பின்னேரம் நாலரைக்கு வெயில் தாழ்ந்ததும் நாலைந்து பெடியன்களுக்குச் சட்டவேலி, அதாவது தடை தாண்டும் ஓட்டம், பழக்குகிறேன். ஒழுங்கான வேலி மூன்றுதான் இருக்கிறது. மிச்சத்துக்குப் பூவரசங் கதியால் இரண்டை நட்டு, மேலே ஒரு பி.வி.சி. குழாயை வைத்துச் சமாளிக்கிறோம். யாழ்ப்பாணத்தானுக்கு வேலி என்றால் வழக்குப் போடத்தான் தெரியும், பாயத் தெரியாது என்று அவர்களுக்குப் பகிடியாகச் சொல்வதுண்டு.

போன கிழமை அதிலொரு பெடியன் என்னுடைய பழைய கொப்பியைப் புரட்டினான். நான் ஏ.எல். படித்த காலத்தில் பேப்பரில் வந்த விளையாட்டுப் படங்களை வெட்டி, சோற்றுப் பருக்கையை நசித்து ஒட்டி வைத்த கொப்பி. மூலைகளை எறும்பு தின்றுவிட்டது. ஒரு பக்கத்தில் ஒருவர் வேலிக்கு மேலே மடிந்து போகிறார். நெஞ்சு தொடையில் முட்டுகிறது, பின்கால் கக்கத்துக்குக் கீழே சுருண்டு வருகிறது. "சேர், இவர் ஆர்?" என்றான். "கீ ட்ரூட். பிரெஞ்சுக்காரர். 1976இல் மொன்றியல் ஒலிம்பிக்கில் 110 மீற்றர் சட்டவேலியில் தங்கம்" என்றேன். உடனே கைபேசியில் தேடினான். கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு, "சேர், இவர் மந்திரியெல்லோ? வழக்கு ஒன்றும் இருந்திருக்கு" என்றான்.

எனக்கு முகம் சுண்டிப்போனது. ஐம்பது வருடமாக நான் ஒரு காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பிள்ளை இரண்டு நிமிடத்தில் ஒரு கதிரையைக் கண்டுபிடித்துவிட்டான்.

கேள்வி இதுதான். பிரான்சில் இந்த மனிதரின் பெயர் இன்றும் நிற்பதற்கு எது காரணம்? அந்தப் பதின்மூன்று விநாடியா, பிறகு வந்த பதவிகளா? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். ட்ரூட் பிறந்தது 1950இல், வட பிரான்சில் ஒயினி என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில். 1960 ரோமில் 1500 மீற்றரில் வெள்ளி எடுத்த மிஷேல் ஜாசி பிறந்ததும் அதே ஊர்தான். ஒரு சின்னச் சுரங்க ஊருக்கு இரண்டு பேர்! ட்ரூட் 1972 மியூனிக்கில் 13.34இல் ஓடி வெள்ளி எடுத்தார். தங்கம் அமெரிக்காவின் ரொட் மில்பேர்னுக்கு, 13.24. 1974இல் ஐரோப்பியச் சம்பியன். 1975 ஓகஸ்டில் பேர்லினில் 13.0. அது கையால் அமர்த்தின ஸ்டொப் வோச் நேரம். துவக்குப் புகையைப் பார்த்து விரல் அமர்த்துவதற்குள் கால் விநாடி போய்விடும், அதனால்தான் கை நேரத்தோடு 0.24ஐக் கூட்டிப் பார்ப்பது வழக்கம். விரலால் எத்தனையோ பிள்ளைகளுக்கு நேரம் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்கள் விரல் கருணையுள்ள விரல்.

பிறகு மொன்றியல், 1976 ஜூலை 28. ட்ரூட் 13.30, கியூபாவின் கசானியாஸ் 13.33, அமெரிக்காவின் டேவன்போர்ட் 13.38. அந்த வேகத்தில் 0.03 விநாடி என்பது ஒரு சாணும் கொஞ்சமும். 1932 முதல் 1972 வரை நடந்த ஒன்பது ஒலிம்பிக்கிலும் இந்தத் தங்கம் அமெரிக்காவைத் தவிர வேறெங்கும் போகவில்லை. ஐரோப்பியர் எவரும் அதற்கு முன்னும் வென்றதில்லை. எங்கள் நாட்டில் அப்போது தொலைக்காட்சியே கிடையாது, அது 1979இல்தான் வந்தது. ஆகவே நான் அந்த ஓட்டத்தைப் பார்க்காமலே, ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்து மனதுக்குள் ஓட்டிப் பார்த்தவன்.

சட்டவேலி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 110 மீற்றருக்குள் பத்து வேலி. உயரம் 1.067 மீற்றர், சராசரி ஆளுக்கு இடுப்பைத் தாண்டும். முதல் வேலிக்கு 13.72 மீற்றர், வேலிக்கு வேலி 9.14, கடைசி வேலியிலிருந்து கோட்டுக்கு 14.02. இடையில் மூன்றே எட்டு. நாலாவது எட்டு வைத்தால் கால் மாறிவிடும், கால் மாறினால் ஓட்டம் முடிந்தது. பாய்வது என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் ஓடுகிற ஓட்டத்தில் கடந்து போவதுதான். உயர எழும்புகிறவன் காற்றில் நேரத்தைச் செலவழிக்கிறான். அந்தப் படத்தில் ட்ரூட்டின் தொடைக்கும் வேலிக்கும் இடையில் ஒரு விரல்கூடப் போகாது. அதைக் காட்டித்தான் இத்தனை வருடமும் படிப்பித்தேன்.

2016இல் மகளிடம் பிரான்சுக்குப் போயிருந்தேன். பரிசுக்குக் கிழக்கே, சென்-எ-மார்ன் பக்கம். மருமகன் ஒருநாள் கூலொமியே என்ற ஊரின் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு வெண்ணெய்க்கட்டி இருக்கிறது, மணம் கொஞ்சம் கடுமை, எங்கள் கருவாட்டுக்குக் கிட்ட நிற்கும். ட்ரூட் பதினாறு வருடம் மேயராக இருந்த ஊர் அது. அந்த வெண்ணெய்க்கட்டியை விற்ற மனிதருக்கு என் வயதுதான் இருக்கும். மருமகனை இடையில் வைத்து, "ட்ரூட்டைத் தெரியுமா?" என்று கேட்டேன். மனிதர் ஒன்றும் பேசவில்லை. மேசைக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்று, ஒரு காலை நேரே நீட்டி, எதிர்க் கையை முன்னால் எறிந்து, நெஞ்சைக் கவிழ்த்துக் காட்டினார். வாங்க வந்த கிழவிகள் சிரித்தார்கள். பதினாறு வருடம் மேயராகக் கண்ட மனிதர் எனக்குக் காட்டியது அந்தக் காலைத்தான். ஆகவே ஓட்டம்தான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன், இந்தப் பெடியன் குழப்பும்வரை.

---

பதில் 1
லாச்சப்பல்வாசி, பரிஸ்

மாஸ்டர், உங்கள் வெண்ணெய்க்கட்டிக்காரர் நல்ல மனிதர். ஆனால் அவர் வயது அறுபது. என் மகளுக்குப் பத்தொன்பது, இங்கேயே பிறந்தவள். நேற்றுக் கேட்டேன், "யார் அது, பாட்டுக்காரரா?" என்றாள். ஜூடோவில் தெடி ரினேர் தெரியும், எம்பாப்பே தெரியும். ட்ரூட் என்ற பெயர் இங்கே ஐம்பது தாண்டியவர்களின் வாயில்தான். அதோடு, சட்டவேலி தொலைக்காட்சியில் போகும்போது அறிவிப்பாளர் கட்டாயம் ஒருமுறை சொல்வார். காரணம், அவருக்குப் பிறகு 110 மீற்றர் சட்டவேலியில் ஒலிம்பிக் தங்கம் எடுத்த பிரெஞ்சுக்காரர் ஒருவரும் இல்லை. 2004 ஏதென்சில் லட்ஜி துகூரே பதக்கத்துக்கு ஓடிக்கொண்டிருந்து கடைசி வேலியில் அடிபட்டுப் போனார். அடுத்த வருடமே உலகச் சம்பியன் ஆனார், ஆனாலும் ஒலிம்பிக் ஒலிம்பிக்தானே. 2014இல் மார்தினோ-லகார்ட் மொனாக்கோவில் 12.95 ஓடினார், ட்ரூட்டைவிட எவ்வளவோ வேகம். சந்தையில் காலை நீட்டிக் காட்ட அவர் பெயர் வருமா? வராது.

சரி, பதவிக் கதைக்கு வருகிறேன். உங்கள் பெடியன் வாசித்தது பொய் இல்லை. ட்ரூட், பிறகு ஜனாதிபதியான ஷிராக்கின் ஆள். 1986இல் நாடாளுமன்றம், 1992 முதல் 2008 வரை கூலொமியே மேயர், 1995 முதல் 1997 வரை விளையாட்டு அமைச்சு, 1996இல் சர்வதேச ஒலிம்பிக் குழு உறுப்பினர். பிறகு வழக்கு. பரிஸ் பிராந்தியத்தில் பள்ளிக்கூடக் கட்டட ஒப்பந்தங்களில் கட்சிகளுக்குக் காசு போன பெரிய வழக்கு அது. வேலைக்குப் போகாமல் ஒரு கட்டட நிறுவனத்தில் சம்பளம் எடுத்தார் என்பது அவர் மீதான குற்றம். 2005இல் பதினைந்து மாத ஒத்திவைத்த சிறையும் 50,000 யூரோ தண்டமும் விதித்தார்கள். ஒலிம்பிக் குழுவும் அவரை இடைநிறுத்தி வைத்தது.

இனித்தான் விசயம் இருக்கிறது. 2006 மே மாதம் ஜனாதிபதி ஷிராக் அவருக்கு மன்னிப்புக் கொடுத்தார். எந்தச் சட்டத்தின் கீழ் தெரியுமா? 2002இல் வந்த பொதுமன்னிப்புச் சட்டத்தில் ஒரு வாசல் இருந்தது. மனிதநேயப் பணி, பண்பாடு, விளையாட்டு, விஞ்ஞானம் இந்த மாதிரித் துறைகளில் சிறப்புப் பெற்றவர்களை ஜனாதிபதி தனியாக மன்னிக்கலாம். அந்த வாசலால்தான் அவர் வெளியே வந்தார். முப்பது வருடத்துக்கு முந்திய ஓட்டம், சட்டப் புத்தகத்தில் ஒரு வரியாக நின்று ஆளைக் காப்பாற்றியது. ஒலிம்பிக் குழுவும் கண்டித்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டது.

நான் அப்போது ஒரு உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். வானொலியில் செய்தி வந்தது. சமையல்காரர் பிரெத்தான்காரர், பிரான்சின் மேற்குப் பக்கத்தவர், வாயில் வராத வார்த்தை இல்லை. என்னோடு நின்றவர் மாலி நாட்டுக்காரர், வதிவிடக் கார்டுக்காக ஆறு வருடம் காத்திருந்தவர். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "எனக்கும் ஓடத் தெரியும், பொலிசைக் கண்டு நான் ஓடின நேரத்தை ஒருவரும் எடுக்கவில்லை" என்றார். அன்று முழுக்கச் சிரித்தோம். ஆனால் அடுத்த நாள் அதே பிரெத்தான்காரர், 1976இல் தகப்பனின் தோளில் இருந்து அந்த ஓட்டத்தைப் பார்த்த கதையை எங்களுக்குச் சொன்னார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தன, மாஸ்டர்.

எனக்கு விளங்கியது இதுதான்: பதவி அவர் பெயரை வளர்க்கவில்லை, செலவழித்தது. ஓட்டம் வங்கியில் போட்ட காசு, அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தார். 2020இலும் வாய் திறந்தார். பரிஸ் 2024க்குப் போட்ட திட்டம் காலாவதியாகிவிட்டது, தொற்றுக்குப் பிறகு மறுபடி யோசிக்க வேண்டும் என்று எழுதினார். எல்லாப் பத்திரிகையும் போட்டது. முன்னாள் மந்திரி மட்டும் எழுதியிருந்தால் எத்தனை பேர் வாசித்திருப்பார்கள்?

---

பதில் 2
பண்ணைக் காற்று, யாழ்ப்பாணம்

மாஸ்டரும் அண்ணையும் பிரான்சைப் பற்றிக் கதைக்கிறீர்கள். எங்கள் வீட்டு முற்றத்தைப் பாருங்கோ. சட்டவேலியில் ஒலிம்பிக் பதக்கம் எடுத்த ஆள் எங்கள் நாட்டிலும் இருந்தார். டங்கன் வைட், 1948 லண்டன், 400 மீற்றர் சட்டவேலி, 51.8 விநாடி, வெள்ளி. அதற்குப் பிறகு இலங்கைக்கு அடுத்த ஒலிம்பிக் பதக்கம் 2000இல் சுசந்திகாவோடுதான் வந்தது. 52 வருடம்! என் மகனின் வகுப்பில் கேட்டுப் பாருங்கோ, டங்கன் வைட் என்றால் பிஸ்கட் பெயர் என்பான்கள்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் எல்லாரும் ஓடினது துரையப்பா அரங்கில். 1975இல் கொல்லப்பட்ட மேயரின் பெயர். கொழும்பில் சுகததாச அரங்கு, அதுவும் அரசியல்வாதியின் பெயர். 1958 தோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கம் கொண்டுவந்த எதிர்வீரசிங்கம் எங்கள் யாழ் மத்திய கல்லூரிப் பிள்ளை. கல்லூரிக்கும் துரையப்பா அரங்குக்கும் நடக்கிற தூரம்தான்.

ஒன்று சொல்ல வேண்டும், "துரையப்பாவில் மீட் இருக்கு" என்று சொல்லும்போது எங்களில் ஒருவனுக்கும் அந்த மனிதரின் முகம் மனதில் வருவதில்லை. வெயிலும், கச்சான் வண்டியும், சுண்ணாம்புக் கோடும்தான் வரும்.

---

பதில் 3
எட்டாம் வேலி, வட்டுக்கோட்டை

மாஸ்டர், ஒரு பெண் பிள்ளையும் இடையில் புகலாமோ? நான் 400 மீற்றர் சட்டவேலி ஓடினவள். மாகாண மட்டத்தில் எட்டாவது வேலியில் கால் தட்டி விழுந்தேன். அதற்கு முந்தின இரண்டு வருடமும் முதலாமிடம். ஊரில் இன்றைக்கும் என்னைச் சொல்வது "அண்டைக்கு விழுந்த பெட்டை" என்றுதான். புகழ் எந்தக் காலில் வரும் என்று யாருக்குத் தெரியும்?

ட்ரூட்டுக்குச் சரியான சோடி 1984 லொஸ் ஏஞ்சலிஸ். பெண்களுக்கு 400 மீற்றர் சட்டவேலி ஒலிம்பிக்கில் வந்தது அந்த முறைதான். மொரோக்கோவின் நவால் எல் முத்தவக்கல் 54.61இல் வென்றார். அன்று பிறந்த பெண் பிள்ளைகளுக்கு நவால் என்று பெயர் வைக்கும்படி மன்னரே சொன்னதாகச் சொல்வார்கள். பிறகு அவரும் 2007இல் விளையாட்டு அமைச்சர், அவரும் ஒலிம்பிக் குழு உறுப்பினர், ட்ரூட் போன பாதை அப்படியே. அதே ஓட்டத்தில் நாலாவது எங்கள் பி.ரி. உஷா. நூறில் ஒரு பங்கு விநாடியால் வெண்கலம் போனது, 55.41க்கு 55.42. அவரும் 2022இல் மாநிலங்களவைக்குப் போனார், இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவரும் ஆனார். ஆனால் உஷா என்றால் ஆருக்கு மாநிலங்களவை ஞாபகம் வரும்? அந்த நூறில் ஒரு பங்குதான்.

மாஸ்டர், உங்கள் பெடியனுக்குப் பயம் என்றால் கதியாலை எடுத்துவிடுங்கோ, தட்டினால் விழுகிற மாதிரிக் கயிறோ மெல்லிய தடியோ வையுங்கோ. விழுந்தவள் சொல்கிறேன். பயம் வேலியின் உயரத்தில் இல்லை, அது அசையாமல் நிற்கிறதில் இருக்கிறது.

---

மறுமொழி
பின்னேர மாஸ்டர், யாழ்ப்பாணம்

எட்டாம் வேலி, பிள்ளை, நீங்கள் சொன்னபடி குழாயை முன்பக்கம் கட்டாமல் சும்மா வைத்தேன். இரண்டு நாளில் வித்தியாசம் தெரிகிறது. முப்பத்திரண்டு வருடத்தில் எனக்கு இது தோன்றவில்லை, வெட்கம்தான்.

லாச்சப்பல் தம்பி, மன்னிப்புக் கதை எனக்கு முழுதாகத் தெரியாது. வாசித்த இரவு நித்திரை குறைவு. அந்த வரி என்னை உறுத்துகிறது. பதக்கம் எடுத்தவருக்கு ஒரு வாசல், கோப்பை கழுவுகிறவருக்கு ஆறு வருடம். நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் சட்டமே, கோட்டுக்கு முன்னால் காலை வைத்தால் ஆராக இருந்தாலும் வெளியே என்பதுதான்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஓட்டக் காலத்திலேயே காசுக் கதை ஒன்று அவருக்கு உண்டு. மொன்றியலுக்குப் பிறகு, போட்டிகளில் ஓடக் காசு வாங்கினேன் என்று தானாகவே வெளியில் சொன்னார். அமெச்சூர்தான் ஓடலாம் என்ற காலம். தடை போட்டார்கள், சில வருடம் கழித்துத்தான் திரும்ப விட்டார்கள். மியூனிக்கில் அவரை வென்ற மில்பேர்ன் வெளிப்படையாகத் தொழில்முறை ஓட்டத்துக்குப் போனவர், அதனாலேயே மொன்றியலுக்கு வர முடியவில்லை. எல்லாரும் மேசைக்குக் கீழே வாங்கினார்கள், வாய் திறந்தவர் சிலர். இருபத்தைந்து வயதில் தன் வாயால் உண்மை சொல்லித் தடை வாங்கினவர், ஐம்பத்தைந்து வயதில் பதக்கத்தைக் காட்டித் தண்டனையிலிருந்து தப்புகிறார். இரண்டு பேரும் ஒரே ஆள்தான், அதுதான் என்னால் சீரணிக்க முடியாதது. உங்கள் பிரெத்தான்காரருக்கும் இதே நிலைதான் போலிருக்கிறது.

பண்ணைக் காற்று, டங்கன் வைட்டின் படம் கொப்பியில் இல்லை. உங்களிடம் இருந்தால் அனுப்புங்கோ, ட்ரூட்டுக்குப் பக்கத்தில் ஒட்டுகிறேன். இந்த முறை கோந்தால்.

பெடியனிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன், வழக்கு, மன்னிப்பு, எல்லாம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கொப்பியைத் திரும்ப எடுத்து, அந்தப் படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, "சேர், இவர் பின்காலின் பெருவிரலை வெளிப்பக்கம் திருப்பித்தான் வைத்திருக்கிறார், நான் கீழே தொங்கவிடுகிறேன், அதுதான் தட்டுது" என்றான். பார்த்தேன், சரிதான்.

இன்றைக்கு மழை இருட்டிக்கொண்டு நிற்கிறது. பெய்யாவிட்டால் ஐந்து வேலி வைக்கப் பார்க்கிறேன். குழாய் ஒன்று வெடித்துவிட்டது, ஆரிடமாவது மிச்சத் துண்டு இருந்தால் சொல்லுங்கோ.